கம்பளி மேட்டுப் போர்

எழுபதுகளின் நடுவில் சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பதிவேட்டில் பேர் போடுகிறவன். ஊரில் சிலர் எழுத்தாளன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் மறுக்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி கோபாலபுரத்தில் எங்கள் வீட்டில், தென்னைக்கும் எருமைக்கும் நடுவில் இருந்தாள். நான் மலையில், குறட்டை விடும் இரண்டு பேருக்கு நடுவில் ஓர் அறையில் இருந்தேன். அவளைக் கூட்டிவர வேண்டுமென்றால் குவார்ட்டர்ஸ் வேண்டும். குவார்ட்டர்ஸ் காலியாக வேண்டுமென்றால் யாராவது ரிட்டயர் ஆக வேண்டும்.

அந்த ஆடியில் கம்பவுண்டர் ரிட்டயர் ஆனார். அவர் இருந்த ஓட்டு வீட்டைக் கேட்டு நானும் லாரி டிரைவரும் ஒரே நாளில் மேனேஜர் முன்னால் போய் நின்றோம். டிரைவர் போடிக்காரர். அவருக்கும் மனைவி, பிள்ளைகள் கீழே ஊரில். இரண்டு பேருக்கும் சர்வீஸ் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் யூனியன் வேறு வேறு. யாருக்குக் கொடுத்தாலும் மற்றவனுடைய யூனியன் கொடியோடு வராந்தாவுக்கு வந்துவிடும் என்று மேனேஜருக்குத் தெரியும். கொஞ்ச நாள் யோசித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரையும் பங்களாவுக்கு வரச் சொன்னார்.

மேனேஜர் கோட்டயம் பக்கத்து மலையாளி. கப்பலில் வேலை பார்த்த அவர் தம்பி சீமையிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் ஈயப் பொம்மைகள்: இரும்புச் சட்டை போட்ட குதிரைவீரர்கள், வில்லாளிகள், ஈட்டிக்காரர்கள், கவைக்கம்பு பிடித்த குடியானவர்கள். கூடவே தடிமனான ஒரு விதிப்புத்தகம். ராஜாக்கள் காலத்துச் சண்டையை மேஜைமேல் நடத்துகிற விளையாட்டு அது. மழைக்காலத்தில் ஜோடி கிடைக்காமல் மேனேஜர் தன்னோடு தானே விளையாடித் தோற்கிறார் என்று எஸ்டேட்டில் ஒரு பேச்சு உண்டு. இன்றைக்கு ஜெயிக்கிறவருக்குக் குவார்ட்டர்ஸ், தான் நடுவர் என்று அறிவித்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

சாப்பாட்டு மேஜையில் ஒரு கம்பளியைச் சுருட்டி மேடு செய்தார். மேட்டுக்குக் கீழே நனைந்த சாக்கு ஒன்று. அது சதுப்பு. குதிரை அதில் இறங்கினால், ஆட்டத்தில் அடுத்த ஒரு முறைக்கு நகர முடியாது.

ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு மதிப்பு. மொத்த மதிப்பு இரண்டு பேருக்கும் சமம். அதற்குள் யாரை வேண்டுமானாலும் படைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு குதிரைவீரனை விட்டுக்கொடுத்தால் நாலு வில்லாளிகள் வருவார்கள். டிரைவர் யோசிக்கவே இல்லை. குதிரைகளை வழித்து எடுத்துக்கொண்டார்.

“குதிரைன்னா குதிரைதான் ரைட்டரே. மத்ததெல்லாம் நடந்து வர்ற ஆளுக,” என்றார்.

நான் தினமும் காலையில் எந்த வேலைக்கு யார் என்று ஆள் பிரிக்கிறவன். ஓடுகிறவனைவிட, நிற்கச் சொன்ன இடத்தில் சாயங்காலம் வரை நிற்கிறவன்தான் எனக்கு முக்கியம். ஈட்டிக்காரர்களை மேட்டின் விளிம்பில் நிறுத்தினேன், அவர்களுக்குப் பின்னால் வில்லாளிகள். குடியானவர்களை எடுக்கவில்லை. நானும் குடியானவன் பிள்ளை. ஒரு மழை பெய்தால் அவர்கள் விதைக்கப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் திட்டம் அசையாமல் இருப்பது, அவ்வளவுதான். மேனேஜர் என் வரிசையைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்கு ஓட்டு வீட்டின் அடுக்களை தெரிந்தது, அதில் அவளும் தெரிந்தாள்.

டிரைவர் லாரி ஓட்டுவதுபோலவே சண்டை போட்டார். எல்லாக் குதிரைகளும் ஒன்றாகக் கிளம்பி நேராகச் சாக்குக்குள் இறங்கி மாட்டிக்கொண்டன. இனி என் வில்லாளிகள் நின்ற இடத்திலிருந்து அம்பு விட்டால் போதும். மேனேஜருக்கே ஆர்வம் தாங்கவில்லை. நடுவர் என்பதை மறந்து என் பக்கம் குனிந்தார்.

“இப்போ நிங்ஙள்க்கு அவசரமாணு,” என்றார்.

என் மலையாளத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கேரள எல்லையில், செக்போஸ்ட் பக்கத்தில் பிறந்தவன் நான். எங்கே போகிறாய், சாக்கில் என்ன என்று மலையாளத்தில் கேட்டால் தூக்கத்திலும் பதில் சொல்வேன். அதற்கு மேல் அந்த மொழியில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மலையாளத்தில் அவசரம் என்றால் நல்ல வாய்ப்பு. கையில் வந்ததை ஏன் விட்டாய் என்று மறுநாள் மேனேஜரே கேட்டபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு என் காதில் விழுந்தது தமிழ். உனக்கு அவசரம் என்கிறார். உண்மைதானே, இரண்டு வருஷமாக அவசரம்தான். சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து, மேட்டிலிருந்த மொத்தப் படையையும் கீழே இறக்கினேன், வில்லாளிகள் உட்பட. ஓடுகிற வில்லாளி அம்பு விட முடியாது என்பது விதி. அடுத்த முறை குதிரைகள் சேற்றிலிருந்து விடுபட்டன. அப்புறம் மேஜைமேல் நடந்ததை விவரிக்க எனக்கு இப்போதும் மனமில்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டிரைவரின் குடும்பம் எஸ்டேட் லாரியிலேயே வந்து இறங்கியது. அவர் பேரில் எனக்குக் கோபமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கோபம் இருந்தது.

ஆவணியில் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். சாப்பிட்டு முடித்ததும் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். தோற்றேன் என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. சொம்பையும் டம்ளர்களையும் பரப்பி, மேடு எங்கே, சதுப்பு எங்கே, என் ஈட்டிக்காரர்கள் எவ்வளவு அழகாக நின்றார்கள் என்று விளக்கினேன். திட்டத்தில் குறையில்லை, ஒரு வார்த்தையில்தான் குறை என்று நிரூபித்தேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

“ஏனுங்க, ஜெயிச்சிருந்தா நான் அங்க வந்திருப்பனுங்களா?”

ஆமாம் என்றேன்.

“தோத்ததுனால இங்கயே இருக்கோணும்.”

அதற்கும் ஆமாம் என்றேன்.

“அப்ப நீங்க பந்தயத்துல வெச்சது வூட்டை இல்லீங்க. என்னைய.”

அப்படியில்லை, இது எஸ்டேட் நடைமுறை என்று ஆரம்பித்தேன். அவள் சொம்பையும் டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். லீவு முடியும்வரை அவசியத்துக்கு மட்டும் பேசினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மேஜையில் தோற்றபோதுகூட இவ்வளவு வெட்கம் வரவில்லை.

கிளம்புகிற அன்று பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றேன். டிரங்குப் பெட்டியோடு அவளும் வந்து பக்கத்தில் நின்றாள். எனக்குச் சந்தோஷம். ஆனால் வாயில் வந்தது, வீடு இல்லையே, எங்கே தங்குவது என்பதுதான்.

பஸ் வந்தது. பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் படியில் கால் வைத்தாள்.

“தங்கற எடத்த நீங்க பாருங்க,” என்றாள். “வர்றதா வேண்டாமாங்கறத நான் பாத்துக்கறனுங்க.”