முப்பத்தாறு பேரும் சரியாக இருந்தார்கள்

துர்காதேவி ஆட்களை விரல் நீட்டி எண்ணமாட்டார். பஸ் கிளம்புவதற்கு முன்னால் மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, டிரைவர் சீட்டிலிருந்து பின்பக்கமாக நடந்து வருவார். ஒவ்வொரு சீட்டின் முதுகையும் உள்ளங்கையால் ஒரு தட்டு. உதடு மட்டும் அசையும். முதல் சீட்டில் ஒன்று என்று சொல்லமாட்டார், "லாபம்" என்பார். இரண்டாவதில் ரெண்டு, அப்புறம் மூணு. களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலுக்குச் சொல்வது அது. வரதய்யபாளையம் பக்கத்தில் அவர்கள் வீட்டில் அப்படித்தான் அளப்பார்களாம். முப்பத்தாறு வந்ததும் கடைசி சீட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு, டிரைவர் மணிவேலைப் பார்த்துத் தலையசைப்பார்.

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சித்தூரிலிருந்து விடியலில் வந்து, திருப்பதியில் அந்த பஸ்ஸில் ஏறியிருந்தேன். காளஹஸ்தி, நாயுடுபேட்டை, நேலப்பட்டுப் பறவைகள், சூளூர்பேட்டை, கடைசியில் புலிகாட் ஏரி; தடா, வரதய்யபாளையம் வழியாகத் திரும்பி வருவது. அதுதான் டூர்.

இந்த டூரே துர்காதேவியின் யோசனை. எட்டு வருஷமாக டிராவல்ஸ் ஆபீஸில் போன் எடுத்து, சீட் பதிவு செய்துகொண்டிருந்தவர். திருப்பதிக்கு வருகிறவன் சாமியைப் பார்ப்பான், கொக்கையா பார்ப்பான் என்று முதலாளி சந்துரு சிரித்திருக்கிறார். விடாமல் கேட்டதில் மூன்று ஞாயிறு கொடுத்தார். முதல் ஞாயிறு டயர் பஞ்சர். இரண்டாவது ஞாயிறு ஏழே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள், இரண்டு பேர் ரயிலைத் தவறவிட்டுச் சண்டை போட்டார்கள். மூன்றாவது இது. ஏழு மணிக்குள் ஒரு புகாரும் இல்லாமல் வந்தால் டூர் நிற்கும், துர்காதேவி அதற்கு கைடு. இல்லாவிட்டால் மறுபடி போன். இதை ஒளிக்காமல் காலையிலேயே மைக்கில் சொல்லிவிட்டார். "என் தலையெழுத்து உங்க முப்பத்தாறு பேர் கையிலதான் கீது. டீக்குன்னு இறங்கினா பத்து நிமிஷம்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

வந்தவர்களில் பாதிப் பேர் முந்தின நாள் மலையில் முடி கொடுத்தவர்கள். மொட்டைத் தலை, மேலே சந்தனம். நாலாவது வரிசையில் இருந்த திருவேங்கடமும் மொட்டை. புத்தூர்ப் பக்கம் விவசாயம். போர் போட்டதில் தண்ணீர் வந்ததற்கு வேண்டுதல். பக்கத்தில் மனைவி செங்கம்மா, மஞ்சள் புடவை. அவருக்கு வாய் ஓயவில்லை. புருஷனின் மொட்டை வெயிலில் மின்னுவதால் பறவையெல்லாம் பயந்து ஓடுகிறது என்றார். திருவேங்கடம் ஒரு முனகலோடு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஏரியில் மத்தியானம் பூநாரைகள் எங்கோ தூரத்தில் வெள்ளைக் கோடாக நின்றன. உற்றுப் பார்த்தால் கோடு லேசாக நகரும், அவ்வளவுதான். துர்காதேவி எவ்வளவு விவரம் சொன்னாலும் ஜனங்கள் தலையாட்டிவிட்டு மீன் வறுவல் கடைப் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் பஸ்ஸை ஒட்டி இன்னொரு வெள்ளை பஸ் நின்றது, நெல்லூர்ப் பக்கத்து யாத்திரைக்காரர்கள். அதிலும் மொட்டைகள்.

மூன்றே முக்காலுக்கு எல்லாரும் ஏறினோம். லாபத்தில் ஆரம்பித்து முப்பத்தாறு. சரியாக இருந்தது. மணிவேல் வண்டியை எடுத்தார்.

வரதய்யபாளையம் நெருங்கும்போது, முந்தானையால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்த செங்கம்மா எழுந்து, பையிலிருந்து சுண்டல் பொட்டலத்தை எடுத்தார். பக்கத்தில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுத் தூங்கியவரின் தொடையில் அதை வைத்து, "இந்தா துன்னு. காலைல மாதிரி சட்டையில கொட்டிக்காத" என்றார். அவர் அசையவில்லை. செங்கம்மா தோளைப் பிடித்து உலுக்கினார்.

தொப்பி விலகியது. உள்ளே வேறு ஒரு மொட்டை.

அந்த மனிதர் செங்கம்மாவைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், இரண்டு கையையும் கூப்பினார். "அம்மா, நேனு மீ ஆயன காதம்மா" என்றார். நான் உங்கள் வீட்டுக்காரர் இல்லை என்று தெலுங்கில் அவ்வளவு பணிவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பெயர் சிரஞ்சீவி. நெல்லூர் பஸ்காரர். அவர் மனைவியும் மஞ்சள் புடவையில் ஜன்னலோரம் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாராம். நாலாவது வரிசை, வெள்ளை பஸ், மஞ்சள் புடவை. அவர் எதைத்தான் சந்தேகப்படுவார்? அவர் போன் மனைவியின் பையில் இருந்தது. துர்காதேவி தன் போனிலிருந்து அதற்குக் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்த அம்மா கோபமாகக் கத்தியது எங்களுக்கே கேட்டது. என் புருஷன் இதோ பக்கத்தில் தூங்குகிறார், யார் நீ என்கிறார். திரும்பிப் பார்க்கச் சொன்னார் சிரஞ்சீவி. போனில் ஒரு அலறல் கேட்டது. அப்புறம் திருவேங்கடத்தின் குரல், காலையிலிருந்து முதல் தடவையாகப் பெரிதாக: "செங்கம்மா, எங்கடி போன?"

"நானா போனேன்?" என்றார் செங்கம்மா.

சிரித்து முடித்த பிறகுதான் எல்லாரும் துர்காதேவியைப் பார்த்தோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலே கால். அந்த பஸ் வடக்கே நாயுடுபேட்டையில் டீக்கு நின்றிருக்கிறது. நாம் தெற்கே வந்துவிட்டோம். இப்படியே போனால் ஏழுக்குள் திருப்பதி.

மணிவேல் மெதுவாக ஒரு வழி சொன்னார். சிரஞ்சீவியை இங்கேயே பஸ் ஏற்றிவிடலாம், திருவேங்கடம் நாயுடுபேட்டையில் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வந்துவிடட்டும். "உனக்கு இந்த வேலை வேணும்ல அக்கா?"

துர்காதேவி சிரஞ்சீவியைப் பார்த்தார். கையில் காசில்லை, போனில்லை. சுண்டல் பொட்டலம் மட்டும் இருந்தது.

"எண்ணி ஏத்தினது நான். கொண்டுபோய் உடறதும் நான்தான். வண்டியைத் திருப்பு" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஜெயச்சந்திரன் எழுந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சென்னைக்குப் போகவேண்டியவர். திருப்பதியில் ஏழரைக்கு ரயில். டிக்கெட்டை ஆட்டிக்காட்டி, யாரோ மொட்டைக்காக நாங்கள் ஏன் சாக வேண்டும், புகார் கொடுப்பேன் என்று கத்தினார். துர்காதேவி அவரைப் பேசவிட்டார். பிறகு, பெட்டியெல்லாம் வண்டியில்தானே இருக்கிறது என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர்.

"சூளூர்பேட்டையிலிருந்தே சென்னைக்கு லோக்கல் ரயில் கீது சார். நீங்க திருப்பதியில வண்டி ஏறுற நேரத்துக்கு வூட்டுல சாப்டுக்கினு இருப்பீங்க."

ஜெயச்சந்திரன் போனில் மேப்பைப் பார்த்தார். மனைவியையும் பார்த்தார். சென்னைக்குப் போக மேற்கே இரண்டரை மணி நேரம் போக இருந்தது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார்.

அந்த நாலு பேரையும் சூளூர்பேட்டை ஸ்டேஷனில் இறக்கிவிட்டோம். போனில் பேசியபடி நெல்லூர் பஸ்ஸும் திரும்பி வந்துகொண்டிருந்தது, வந்துசேர இன்னும் முக்கால் மணி ஆகும் என்றார்கள். பஜாரில் நிற்பதற்கு ஏரிக்கரையிலேயே நிற்கலாம் என்று துர்காதேவி சொல்ல, மறுபடி அங்கே போனோம். அவர் மைக்கை எடுக்கவில்லை. கரையில் ஒரு கல்லின் மேல் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தரைக்கு மேல் இருக்கும். பூநாரைகள் இப்போது கிட்டே வந்திருந்தன. எதனாலோ ஒன்று எழும்பியது, பிறகு மொத்தமும். நிற்கும்போது வெள்ளையாகத் தெரிந்தவை. சிறகை விரித்ததும்தான் உள்ளே அத்தனை சிவப்பு. தலைக்கு மேல் போகும்போது காற்றைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். செங்கம்மாகூட. ஒரு பையன் மட்டும், இன்னொரு வாட்டி பறக்கச் சொல்லு என்று அவன் அம்மாவிடம் கேட்டான்.

நெல்லூர் பஸ் அப்போதுதான் வந்தது. திருவேங்கடம் இறங்கி வந்தார். செங்கம்மா தொப்பியைக் கழற்றி அவர் மொட்டையைத் தடவிப் பார்த்து, இது நம்முடையதுதான் என்று எல்லாருக்கும் அறிவித்தார். சிரஞ்சீவி ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றதால், அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போகவேண்டியிருந்தது.

திருப்பதி வந்து சேர்ந்தபோது எட்டரை. சந்துரு ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். நடந்ததைத் துர்காதேவி ஒன்று விடாமல் சொன்னார். நாங்கள் ஏழெட்டுப் பேர் புகார் ஒன்றும் இல்லை என்று சொன்னோம். நான் தலையை மட்டும் ஆட்டினேன். சந்துரு, "நாளைக்கு ஆபீஸ்ல பேசலாம்" என்று ஷட்டரை இறக்கினார்.

மார்ச்சில் அந்த ஆபீஸுக்குப் போன் செய்தேன். துர்காதேவியின் குரலைக் கேட்க வேண்டியிருக்குமோ என்று ஒரு பயம். எடுத்தது கௌசிகா என்ற பெண். அக்கா வண்டியில் இருக்கிறார், ஞாயிறு மட்டுமில்லை, இப்போது புதன்கிழமையும் போகிறது என்றாள். எப்படி என்று கேட்டேன். மறுநாள் காலையிலேயே நெல்லூரிலிருந்து சிரஞ்சீவி கூப்பிட்டு, ஒரே நடையில் அடங்காத நாற்பத்திரண்டு சீட் சொல்லிவிட்டாராம். ஏரியில் சாயங்காலம்வரை நிறுத்த வேண்டும், கைடாக அந்த அம்மாவேதான் வரவேண்டும் என்பது நிபந்தனை.

அவருக்கு எப்படி நாற்பத்திரண்டு பேர் கிடைத்தார்கள் என்று கேட்டதற்கு, அவர்கள் ஊருக்கு வருஷா வருஷம் யாத்திரை பஸ் ஏற்பாடு செய்கிறவரே அவர்தான் என்றாள் கௌசிகா. அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஆள் எண்ணியவரும் அவர்தானாம். எல்லாரையும் எண்ணி ஏற்றிவிட்டுக் கடைசியாக ஒரு டீ குடிக்க இறங்கியிருக்கிறார்.