பதவி முடியட்டும் என்றேன்

அரசியலமைப்புச் சட்டத்தை முப்பது ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்தவன் நான். குடியரசுத் தலைவரோ ஆளுநரோ பதவியில் இருக்கும்வரை அவர்மீது குற்ற வழக்குத் தொடர முடியாது. ஆனால் அவருடைய சொந்தக் காரியங்களுக்காக, இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, உரிமையியல் வழக்குத் தொடரலாம். இந்த வேறுபாட்டை எழுதத் தெரியாத மாணவனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

எங்கள் பெரியப்பா மகன் வடக்கே ஒரு மாநிலத்துக்கு ஆளுநரானபோது, குலதெய்வக் கோயிலில் பரிவட்டம் கட்டினோம். பங்காளிகள் அனைவர் முன்னும் வாழ்த்துரை வாசித்தவன் நான். கோபிசெட்டிபாளையத்தில் என் தங்கையின் தென்னந்தோப்பை ஒட்டிய தன் கிணற்றை அவளுக்கே கிரயம் செய்து தருவதாக அவர் முன்பே ஒப்பந்தம் எழுதியிருந்தார். பதவி வந்ததும் முடியாது என்று கடிதம் அனுப்பினார். கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது.

கணவனை இழந்த தங்கைக்கு அந்தத் தோப்புதான் சோறு. துடியலூரில் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்ணா, கேஸ் போடலாமுங்களா?"

"கவர்னர் மேல கேஸ் போட முடியாது அம்மணி. பதவி முடியட்டும்."

வாழ்த்துரை வாசித்த வாயால் வழக்குக்கு வழிசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் மறுகேள்வி கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகள் லாரித் தண்ணீர் ஊற்றித் தோப்பை உயிரோடு வைத்திருந்தாள்.

அவர் பதவி முடிந்த மாதமே அவளைக் கோவையில் ஒரு வக்கீலிடம் அழைத்துச் சென்றேன். என்னிடம் படித்தவர். தாள்களைப் புரட்டிவிட்டு, "மறுத்து மூணு வருசத்துக்குள்ள போட்டிருக்கோணுமுங்க. இனி நிக்காது" என்றார்.

"அவரு கவர்னரா இருந்தாருங்களே" என்றாள் தங்கை.

"சொந்தக் காரியத்துக்கு நோட்டீஸ் குடுத்துட்டுப் போடலாமுங்கம்மா. ஐயாதானுங்க எங்களுக்கு இந்தப் பாடமே எடுத்தாரு."

வேறு வழி உண்டா என்று நான் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். அவர் தாள்களை அடுக்கி என் பக்கம் நகர்த்தினார்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "மறந்துபோச்சுங்களாண்ணா?" என்றாள்.

"மறந்துபோச்சு அம்மணி."

நம்பிவிட்டாள். இப்போது தினமும் காலையில் போன் செய்கிறாள். "மாத்திரை போட்டீங்களாண்ணா? மறந்துபோடாதீங்க." தோப்பில் எத்தனை மரம் மிச்சம் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிடுகிறாள்.