ஆஞ்சலா அக்கா போடுகிற மார்க்

ஆஞ்சலா அக்கா ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாலே எங்கள் முதலாளி பெருமாள்சாமிக்கு விலை இறங்கிவிடுமோ என்று பயம். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையின் மாடியில், பழைய காமிக்ஸ் வாங்கி ஆன்லைனில் விற்கிற கம்பெனி எங்களுடையது. வந்து இறங்குகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது அக்காவின் வேலை. கட்டி அனுப்புவது என் வேலை. அட்டையின் மூலை, முதுகு, பின்னில் ஏறிய துரு எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் பக்கங்களை எண்ணுவார். எவனாவது வில்லனுக்குப் பேனாவால் மீசை வரைந்திருந்தால், சிரித்துக்கொண்டே ஒரு மார்க் குறைப்பார்.

ஒன்பது வருஷமாக நீலசந்திராவிலிருந்து பஸ் ஏறி வருகிறார். சேர்ந்த அன்று, சரிபார்த்துத் தருவதாகச் சொல்லி வாங்கிய அவருடைய அசல் பட்டச் சான்றிதழை முதலாளி பீரோவில் வைத்துப் பூட்டினார். அவ்வளவுதான். எப்போது கேட்டாலும் “இந்த லாட் முடியட்டும்மா” என்பார். அது முடிவதற்குள் அடுத்த லாட் புத்தகங்கள் மாடியேறிவிடும். இதை வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் அக்காவுக்கு ஆனேக்கல்லில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அசல் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, புதிதாக வாங்கிய பெட்டியில் ஒரு பழைய காமிக்ஸ் பளபளவென்று இருந்தது. ஒன்பது மார்க் என்று முதலாளி ஏற்கெனவே ஒருவரிடம் பேசி முடித்திருந்தார். அக்கா எண்ணினார். நடுத்தாளைக் காணோம். சண்டை நடக்கிற நாலு பக்கமும் போச்சு. பத்துக்கு மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ஒன்பது போடும்மா. இப்பவே உன் சர்டிஃபிகேட்ட எடுத்துத் தர்றேன், சந்தோஷமா போ” என்றார் முதலாளி.

“வாங்குறவங்க கதை படிக்க வேணாமா சார்?”

“சும்மா தகராறு பண்ணாதே. நான் வர்றதுக்குள்ள யோசி.”

கிளம்பும்போது, பீரோவிலிருந்து பார்சல் ஒட்டுகிற டேப் எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை என்னிடம் வீசிவிட்டுப் போனார். அக்கா எழுந்து வந்தார்.

“நரேஷ், தொறக்கும்போது என்னோடத மட்டும் எடுத்துக்குறேன்பா. என்னோடதுதானே?”

அவருடையதுதான். ஆனால் என் டிப்ளமோவும் அதே பீரோவில்தான் கிடக்கிறது. வீட்டில் என் மனைவி ரூபினிக்கு இது ஏழாவது மாதம். எனக்குப் பயமாக இருந்தது.

“சார் வந்துடட்டும்கா” என்றேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “ஆமா, உன்னை வேலைய விட்டே நிறுத்திடுவாரு” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து, அடுத்த புத்தகத்தை எடுத்தார். நாலு மணி வரைக்கும் முதலாளி திரும்பவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது.

“ஒரிஜினல் தொலஞ்சி போச்சு சார், மன்னிச்சிக்கோங்க” என்றார்.

சாவி அப்போதும் என் பையில்தான் இருந்தது.