எனக்கு மாலை போட்டவளின் வாயை அம்மாள் திறந்தாள்

என் படத்துக்கு மாலை போட்டு விளக்கும் ஏற்றி வைத்திருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். என் வீட்டில்தான். அப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த கல்வீட்டின் நடுச்சுவரில். பக்கத்தில் என் மகள் ரதியின் படம். அதற்கும் ஒரு மாலை. ரதிக்கு அப்போது பத்து வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவள், "அம்மா, இது நாமதானே?" என்று கேட்டாள்.

அடியார்களே, இந்த வருடச் சடங்கு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் கண்ணகை அம்மன் கோயில் பூசகரான கட்டாடியார் என்னைக் கேட்டார். "கோவத்தக் கொஞ்சம் கொறச்சு எழுது, தவமணி" என்றும் சொன்னார். குறைக்க மாட்டேன். என் கோபத்தைக் கேட்டுத்தான் அம்மாள் இறங்கி வந்தாள். அதைக் குறைத்தால் அவள் செய்ததையும் குறைத்துச் சொன்னதாகும்.

களுதாவளைக்குத் தெற்கே, ஆற்றோரத்தில் இருக்கும் நம் ஊரை விட்டு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. என் புருசனை இராணுவம் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனது. திருகோணமலையில் வைத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கையோடு, நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடி அங்கே போனேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி சாவியை என் தங்கை இராசமணியிடம் கொடுத்தேன். போன இடத்தில் சண்டை மூண்டது. பாதை அடைபட்டது. புருசனும் கிடைக்கவில்லை. ஓடிய சனத்தோடு சனமாக வள்ளம் ஏறித் தமிழ்நாட்டு அகதி முகாமில் போய் விழுந்தோம். ஆறு வருடம்!

முகாமிலிருந்து இராசமணிக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவது கடிதத்தில் எங்கள் இருவரின் படமும் வைத்தேன். பதிலே இல்லை. கடிதம் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சுவரில் மாலையோடு தொங்கியது அந்தப் படம்தான். கத்தரிக்கோலால் எங்களை இரண்டாக வெட்டி, இரண்டு சட்டம் போட்டிருந்தாள்!

நாங்கள் முகாமில் வாந்திபேதி கண்டு செத்துவிட்டதாக ஊருக்கெல்லாம் சொல்லி, முப்பத்தோராம் நாள் அமுதும் கொடுத்திருக்கிறாள். ஊரே வந்து என் செத்தவீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

என்னைக் கண்டதும் இராசமணியின் முகத்தில் இரத்தமே இல்லை. "அக்கா..." என்று ஒரு சொல் சொன்னாள். பிறகு குரல் மாறிவிட்டது. "இப்ப இது என்ட வீடு. உறுதிப் பத்திரம் என்ட பேரில இரிக்கி. எனக்கும் ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி."

நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். வீடில்லாத பெண்ணை யாரும் கட்ட மாட்டார்கள். எனக்கு வீடு கட்டித் தந்த அப்பா, அவளுக்குக் கட்டுவதற்குள் கண்ணை மூடிவிட்டார். அவள் புருசன் சவூதிக்குப் போனவன், காசும் இல்லை, கதையும் இல்லை. எல்லாம் எனக்கும் தெரியும். அதற்கு நானா குற்றவாளி? என் பிள்ளையைச் சாகடித்து அவள் பிள்ளைக்கு வீடா? அந்த இடத்திலேயே அவள் தலைமயிரைப் பிடித்திருப்பேன். ரதி பார்த்துக்கொண்டு நின்றதால் விட்டேன்.

கோயில் வாசலைக் கூட்டும் பூரணம் அக்காதான் எங்களைத் தன் குடிசையில் சேர்த்துக்கொண்டாள். மறுநாளே, ஊர்ப் பதிவுப் புத்தகம் வைத்திருக்கும் அதிகாரியான விதானையாரிடம் போனேன். வீட்டுப் பதிவில் பெயர் இல்லாதவர் நடமாட முடியாது. இராணுவக் காவலரணில் மறிப்பார்கள், சுற்றிவளைப்பில் வண்டியில் ஏற்றுவார்கள். விதானையார் ஊருக்குப் புதியவர், நல்ல மனிதர். புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நீங்களும் புள்ளையும் செத்ததுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் இரிக்கி. செத்த ஆளுக்கு நான் எப்படி வதிவிடம் எழுதுற?"

"நான் இஞ்ச நிக்கிறது உங்கட கண்ணுக்குத் தெரியல்லியா, ஐயா?"

"கண்ணுக்குத் தெரியிது. கடதாசியில தெரியல்ல."

வைகாசி முடியும்வரை இருக்க ஒரு துண்டு எழுதித் தந்தார். அதற்குள் நிரந்தர வதிவாளராகப் பதியாவிட்டால், திரும்பி வந்தவர்களை வைத்திருக்கும் முகாமுக்குப் பிள்ளையோடு போக வேண்டும் என்றார். இன்னொரு முகாம்!

ஊர்ச்சனத்தில் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. கடதாசியில் கையெழுத்து வைத்தால் பொலிஸ், கோடு, வழக்கு என்று இழுப்பார்கள் என்ற பயம். "உன்ட அமுதுச் சோறு தின்ட வாயால என்னெண்டு கா சொல்லுற?" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரேயே கேட்டாள். பதிவாளர் கந்தோரிலும் அலைந்தேன். அங்கே இருந்த எழுதுவினைஞர் கடைசியில் உண்மையைச் சொன்னார். நான் செத்ததாகச் சத்தியக் கடதாசி கொடுத்தவளே நேரில் வந்து அது பொய் என்று சொன்னால்தான் சீக்கிரம் திருத்தலாம். இல்லையென்றால் வழக்குத்தான், வருடக்கணக்கில் இழுபடும். அந்தக் கடதாசியின் பிரதி ஒன்றைக் கையில் தந்துவிட்டார்.

பங்குனி முடியும் நேரம் அது. நம் அம்மாளின் கதவு வைகாசிச் சடங்குக்கு மட்டும்தான் திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டு. நான் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு நேரச் சாப்பாடு, மரக்கறி மட்டும். நாற்பது நாள்.

என்ன வேண்டினேன் என்று கேட்கிறீர்களா? ஒளிக்க மாட்டேன். அவள் நாக்கு புழுத்துப் போக வேண்டும் என்று வேண்டினேன். மண்ணை அள்ளி வீசினேன். "நீயும் அநியாயத்தில வெந்தவதானே அம்மா, என்னெண்டு பாத்துக்கொண்டிரிக்கா?" என்று கதவில் தலையை முட்டிக் கத்தினேன். பத்து நாள், இருபது நாள் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. இராசமணி மட்டும் கொஞ்சம் கொழுத்தது மாதிரித் தெரிந்தாள். எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. ஆற்றில் விழுந்தாலாவது அவள் கடதாசி உண்மையாகும் என்றுகூட நினைத்தேன். பிள்ளையின் முகம்தான் தடுத்தது.

முப்பத்தெட்டாம் நாள் விடியற்காலை சாபம் போடக்கூட வாயில் வலு இல்லை. மடியிலிருந்த கடதாசியை எடுத்து, மனுவை வாசிப்பது போல அம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். "கேட்டுக்கொள்ளம்மா. சண்டை தொடங்கின வருசம், வைகாசியில, இந்தத் தேதியில, எங்கட ஆத்தில தோணி பிரண்டு நானும் புள்ளையும் செத்தமாம். என்ட தங்கச்சி அண்டைக்குப் பின்னேரமே எங்கட ரெண்டு சடலத்தையும் தன்ட கையால ஆத்தங்கரையில அடக்கம் பண்ணினாவாம்." இந்தியாவில் செத்ததாக எழுதினால் இந்தியக் கடதாசி கேட்பார்கள். அதனால் கந்தோருக்கு வேறு சாவு சொல்லியிருந்தாள்.

கூட்டிக்கொண்டிருந்த பூரணம் அக்கா விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள்.

"தோணி பிரண்டதெண்டு எழுதியிரிக்கிற நாளா? அது கதவு திறந்து ரெண்டாம் நாள் கா. மூணு நாள் கழிச்சுத்தானே நெல்லுக்குத்துச் சடங்கு. அந்த வருசம் எங்கட குடிக்கு இராசமணிதானே குத்தினவள்?"

கடதாசியில் தேதியைத் திரும்பப் பார்த்தேன். குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, ஒருத்தியாக அம்மாளின் பொங்கலுக்கு நெல் குற்றும் பெண்கள் எத்தனை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். சாவு விழுந்த குடும்பத்துக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, கோயில் வாசலே மிதிக்கக் கூடாது. அந்த வருடம் ஊரில் பாதிச் சனம் ஓடிவிட்டது. வெடிச் சத்தத்துக்கு நடுவிலும் தான் நெல் குற்றியதாக இராசமணி வருடா வருடம் பெருமை பேசுவாள். கேட்காத காது ஊரில் இல்லை. ஒன்றில் அவள் பிணம் தொட்ட கையால் அம்மாளின் நெல்லைக் குற்றினாள். அல்லது அந்தக் கடதாசி பொய். மூன்றாவது வழி இல்லை. கதவு பூட்டியிருக்கிறதே என்று நான் அழுதேன். அம்மாளுக்குக் காது திறந்துதான் இருந்திருக்கிறது, தாயே!

உடனே போய்ச் சண்டை பிடிக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே முதல்முறை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அதுவும் அம்மாள் தந்த புத்திதான்.

கதவு திறந்தது. ஐந்தாம் நாள் பகல், நெல்லுக்குத்து. குடிக்கு ஒரு பெண்ணாக உரலைச் சுற்றி நின்றார்கள். எச்சில் தெறிக்காமல் இருக்க எல்லோர் வாயும் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. எங்கள் குடிக்கு இராசமணி, உலக்கையும் கையுமாக. நான் சனத்தை விலக்கிக்கொண்டு போய்க் கட்டாடியாரிடம் கடதாசியை நீட்டினேன்.

"இதச் சத்தமா வாசியுங்க, ஐயா. மறுகா அவ குத்தட்டும்."

அவர் முதலில் மறுத்தார். சடங்குக்கு நடுவில் குடும்பச் சண்டை வேண்டாம் என்றார். "துடக்கு விசயம் ஐயா" என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் வாங்கி வாசித்தார். அடக்கம் செய்த இடத்துக்கு வந்தபோது அந்த வரியைத் திரும்பவும் வாசித்தார். உடுக்குச் சத்தம் நின்றுவிட்டது. மற்றப் பெண்கள் உலக்கையோடு ஓரடி பின்னால் போனார்கள்.

"இராசமணி, கதவு திறந்திரிக்கி. அம்மாள் பாத்துக்கொண்டிரிக்கா. அந்த வருசம் பிணம் தொட்ட கையாலயா நெல்லுக் குத்தினா? இல்ல, இந்தக் கடதாசி பொய்யா?"

அவள் உலக்கை நழுவி மண்ணில் விழுந்தது. வாய்த் துணியை அவிழ்த்தாள்.

"பொய். அக்கா சாகல்ல. புள்ளையும் சாகல்ல. நான் ஒருத்தரையும் அடக்கம் பண்ணல்ல."

"சத்தமாச் சொல்லு" என்றேன் நான். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல."

இரண்டாம் முறை கத்திச் சொன்னாள். என் அமுதுச் சோறு தின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் அழுதாள். எனக்கு இனித்தது. தேன் குடித்தது போல இனித்தது. கோயில் வாசலில் நின்று அப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்கள், செத்துப்போய் இரண்டு மாதம் அலைந்துவிட்டு வந்து கேளுங்கள்.

எங்கள் குடிக்கு யார் குற்றுவது என்று கட்டாடியார் கேட்டார். "நாப்பது நாளும் விரதம் இருந்தவ தவமணிதான், நான் கண்ட சாட்சி" என்றாள் பூரணம் அக்கா. என் வாயைக் கட்டி உலக்கையைக் கையில் தந்தார்கள். குற்றினேன். ஒவ்வொரு குற்றிலும் யாரை நினைத்தேன் என்று அம்மாளுக்குத் தெரியும். அரிசி நன்றாகத்தான் வந்தது.

சடங்கு முடிந்த மறுநாளே இராசமணியைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எழுதுவினைஞர் முன்னால் எழுதிக் கொடுத்தாள். வைகாசி முடிய ஒரு நாள் இருக்கும்போது விதானையார் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். படங்களை நான் ஏற்கனவே இறக்கியிருந்தேன். "குடும்பத் தலைவி தவமணி. மகள் ரதி. நிரந்தர வதிவாளர்" என்று எழுதினார். வீட்டு உறுதியும் பின்பு என் பெயருக்குத் திரும்பியது.

பிறகு பேனையை வைத்துக்கொண்டு, கிணற்றடியில் மூட்டையோடு நின்ற இராசமணியையும் அவள் மகளையும் காட்டினார்.

"இவங்கள எந்த வீட்டில பதியிற?"

அவளுக்கு வேறு வீடு இல்லை. எங்கும் பதியாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாததா? கிணற்றில் தண்ணீர் அள்ளி, ஆற அமர முகம் கழுவித் துடைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டேன்.

"வந்து தங்குற ஆக்கள் எண்டு எழுதுங்க" என்றேன். "வளவுக்குப் பின்னால கொட்டில் போட்டுக்கொள்ளட்டும்."

அடியார்களே, சடங்கின் முடிவில் குளிர்த்தி வைத்து அம்மாளின் கோபத்தைத் தணித்தார்கள், உன் மனமும் குளிர்ந்ததா என்று என்னைக் கேட்கிறார்கள். இல்லை. ஆனால் நித்திரை வருகிறது. சாபம் போடும் வாய் நின்றுவிட்டது. இப்போது பூரணம் அக்காவோடு நானும் வாசல் கூட்டுகிறேன். ரதி பள்ளிக்கூடம் போகிறாள். எல்லாம் என் தாய் தந்தது. உங்களுக்கும் அநியாயம் நடந்திருந்தால் வாருங்கள். நல்ல பிள்ளையாக நடித்துக்கொண்டு வராதீர்கள். நெஞ்சில் எரிகிறதை எரிகிறபடியே கொண்டுவந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவள் கேட்பாள்.

வந்து தங்குகிறவர்களின் துண்டை மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வீட்டுக்காரியின் கையெழுத்து வேண்டும். மாதம் பிறந்தால் இராசமணி துண்டோடு என் வாசலில் வந்து நின்று, "அக்கா, இரிக்காயா?" என்று கேட்பாள். "இரிக்கன்" என்று சொல்லிக் கையெழுத்து வைப்பேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.