சித்தியின் பல்செட் உடைந்த வாரம்

விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை வீட்டிலுள்ள தலையணை உறைகளையெல்லாம் கழற்றித் துவைப்பது பெரியக்காவின் வேலை. அந்த வீட்டில் எல்லாமே பெரியக்காவின் வேலைதான் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த வருடம் அவள் உறைகளை உருவிப் போட்டுவிட்டு, வெறும் தலையணைகளைக் கட்டிலில் அடுக்கி, அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒவ்வொரு தலையணைக்கும் ஒரு தலை வரப்போகிறது. ஒவ்வொரு தலையிலும் ஒரு வாய் இருக்கும். அந்த வாய் மூன்று வேளையும் திறக்கும், நடுவில் பேசவும் செய்யும்.

வாய் என்றால் அவளுக்குப் பயமில்லை. பிழைப்பே வாயில்தான். பல்செட் செய்யும் லேபில் வேலை. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, முகமே பார்த்திராத ஆளுக்கு ஒரு சிரிப்பைச் செய்து அனுப்பிவிடுவாள். வருடக் கடைசி வந்தால் லேபில் மூச்சு விட நேரமிருக்காது. குடும்பமாக நின்று போட்டோ எடுக்கப் பல் வேண்டும் என்று ஊரிலுள்ள பொக்கை வாய்க்காரர்களெல்லாம் ஒரே நேரத்தில் முடிவு செய்வார்கள். அந்த ஓட்டம் முடிந்து லேபைப் பூட்டிய மறுநாள் அவளுடைய சொந்தக் குடும்பம் வந்து இறங்கும். தம்பி குடும்பம், தங்கை குடும்பம், சித்தி. கணவர் மட்டும் இருக்க மாட்டார். அவர் பயணிகள் கப்பலில் சமையல்காரர். ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் கப்பலில்தான் கூட்டம் அலைமோதும்.

போன வருடம் எல்லோரையும் வழியனுப்பிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்காக நாற்காலியில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. அதாவது எழுந்தாள், கட்டிலுக்குப் போனாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்படியே வாரக்கணக்கில் கிடந்தாள். ஒரு பல்லைக்கூடக் கையில் எடுக்கத் தோன்றவில்லை. தம்பி, தங்கையிடம் முதுகு வலி என்று சொல்லிவிட்டாள். முதுகு வலி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கடைசியில் லேப் முதலாளியம்மாதான் வந்து பார்த்து, கையோடு மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போனார். அதன் பிறகு மெல்லத் தேறி, வேலைக்கும் போக ஆரம்பித்து, மாதம் ஒருமுறை அந்த ஆலோசகரைப் பார்த்து வந்தாள்.

இந்த முறை விடுமுறை நெருங்கியதும் ஆலோசகர் சொன்னது சுருக்கமானது. தினமும் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருங்கள். அது ஏன் என்று வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லி வையுங்கள். ரொம்பத் திணறினால் விடுமுறை என்று பார்க்காமல் எனக்குப் போன் போடுங்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த அந்தக் காலம் மறுபடி வரக் கூடாது என்பதைத் தவிர பெரியக்காவுக்கு வேறு ஆசை இல்லை. அதனால் எல்லோரும் வந்து பெட்டியை இறக்கிய கையோடு தம்பியைப் பின்னறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். தங்கையிடம் சொன்னால் அழுவாள். தம்பி விஷயம் தெரிந்தவன்.

தம்பி கண் கலங்கக் கேட்டான். அவள் தோளில் கை வைத்து, நான் பார்த்துக்கறேன் என்றான். அடுப்பில் வைத்த டீத் தண்ணீர் கொதிப்பதற்குள் வீடு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

அவனைக் குறை சொல்லி என்ன செய்ய. அவன் டூர் கைடு. கையில் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவன். பஸ் கிளம்புமுன் தலையை எண்ணுபவன். அவன் அனுபவத்தில், கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் தனியாக நிற்கிறேன் என்று சொன்ன ஒவ்வொரு ஆளையும் பிறகு ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டி வந்திருக்கிறது. மனசு சரியில்லாத ஒருத்தி தனியாக இருக்க வேண்டும் என்கிறாள் என்றால் அதுதானே நோயே என்று அவனுக்குப் பட்டது. ஆலோசகர் சின்னப் பெண், அனுபவம் போதாது என்று தீர்மானித்து, அவர் சொன்னதைத் தலைகீழாக்கி எல்லோருக்கும் உத்தரவு போட்டான்: அக்காவை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது.

அன்றிலிருந்து பெரியக்கா ராஜாங்கக் கைதி ஆனாள். அவள் கையிலிருந்த காய் நறுக்கும் கத்தியைத் தம்பி மனைவி பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கியவள் நறுக்கத் தெரியாமல் விரலை நறுக்கிக்கொண்டதால், அவளுக்குக் கட்டுப் போட்டுவிட்டு மிச்சக் காயையும் பெரியக்காவே நறுக்க வேண்டியிருந்தது. தங்கை பாலர் வகுப்பு ஆசிரியை. நம்ம பெரியக்கா இன்னிக்கு சமத்தா சாப்பிட்டாங்களே என்று வீட்டுக்கே கேட்கும்படி பாராட்டினாள். கை தட்டவும் செய்தாள். பிள்ளைகளிடம் பல் பெரியம்மாவைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனவே அவை கதவுக்குப் பின்னாலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் காத்திருந்து, அவள் வரும்போதெல்லாம் நாக்கைத் துருத்திக் கண்ணை உருட்டின. அழுக்குத் துணிக் கூடைக்குள்ளிருந்து ஒன்று எழும்பியபோது அவளுக்கு உயிரே போய் வந்தது.

எல்லாவற்றையும் தூக்கி அடித்தவர் தங்கை வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர், பாதுகாப்பில் கறார். பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றித் தன் டூல் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அதற்குப் பதிலாக, பெரியக்கா உள்ளே போகும்போதெல்லாம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை உரக்க வாசித்தார். மனசைப் பாதிக்கிற செய்தி கூடாது என்று தம்பி சொல்லியிருந்தபடியால், வானிலையையும் மிக்ஸி விளம்பரத்தையும் மட்டும் வாசித்தார். பெரியக்கா இரண்டாம் நாளே குளியலைச் சுருக்கிக்கொண்டாள்.

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திப் பார்க்காமலில்லை. சாத்திய வேகத்தில் யாராவது சூப்போடு வந்தார்கள். சூப் இல்லாவிட்டால் சீப்போடு வந்தார்கள். அவளுக்குத் தோள்கள் இரண்டும் காது வரைக்கும் ஏறி உட்கார்ந்துவிட்டன. போன வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் காலை தம்பி எல்லோரையும் ஹாலில் வட்டமாக நிற்க வைத்தான். சிரிப்புப் பயிற்சி என்றான். காரணமே இல்லாமல் சிரிக்க வேண்டுமாம். உடம்புக்குப் பொய்ச் சிரிப்புக்கும் மெய்ச் சிரிப்புக்கும் வித்தியாசம் தெரியாதாம். குடையை உயர்த்தினால் ஆரம்பம், இறக்கினால் நிறுத்தம். தங்கை வீட்டுக்காரர் ஹ, ஹ, ஹ என்று பழுதான மோட்டார் மாதிரி ஒரே சீராகச் சிரித்தார்.

சித்திக்கு மட்டும் இதில் ஈடுபாடு இல்லை. சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள். பணம் கொடுத்து வந்தவர்களே சிரிக்காமல் போனதைப் பார்த்தவள், சும்மா சிரி என்றால் சிரிப்பாளா. தம்பி அவள் முகத்துக்கு நேராகக் குடையை ஆட்டி, இன்னும் நல்லா, வயித்துலேருந்து என்றான். சித்தி எரிச்சலில் வாயை ஆகாசத்துக்குப் பிளந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். மேல் பல்செட் கழன்று பறந்து, தரையில் விழுந்து, நடு முன்பற்களுக்கிடையே இரண்டாகப் பிளந்தது. பெரியக்கா செய்து கொடுத்த செட்.

எல்லோரும் குனிந்து துண்டுகளைப் பார்த்தார்கள். பிறகு பெரியக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். தம்பி பெருமையாகத் தன் மனைவியைப் பார்த்தான். பயிற்சி வேலை செய்கிறதாம்.

அவசர ரிப்பேருக்கென்று பின்னறையில் பெரியக்கா ஒரு சின்ன மேசை வைத்திருந்தாள். அரம், உப்புத்தாள், ஈறு நிறத்தில் ஒரு பொடி, அதோடு கலக்க ஒரு திரவம். அதன் மூடியைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வரும். உடைந்த செட்டோடு அவள் உள்ளே போக, தம்பியும் கூடவே போனான். அவள் திரவத்தின் மூடியைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே காட்டினாள். இது இறுகும் வரை அறைக்குள் யாரும் இருக்கக் கூடாது, பழக்கமில்லாதவர்களுக்கு வாந்தி வரும் என்றாள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள். தம்பி கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினான். பிள்ளைகளையும் அந்தப் பக்கமே விடாதீர்கள் என்று அவன் கத்துவது கேட்டது.

துண்டுகளைச் சேர்த்து ஒட்டிப் பொடியை இடுவதற்கு அதிக நேரமாகவில்லை. பிறகு இறுக வேண்டும். இறுகும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. பெரியக்கா ஜன்னலைத் திறந்துவிட்டு, காலை ஸ்டூல் மேல் நீட்டி, சும்மா உட்கார்ந்தாள். யாரும் சூப் கொண்டுவரவில்லை. தோள்கள் காதை விட்டு மெதுவாகக் கீழே இறங்கின.

மறுநாள் சிரிப்புப் பயிற்சிக்கு முன்பாகவே சித்தி கையில் பல்லோடு பின்னறைக்கு வந்தாள். மறுபடி உடைந்துவிட்டது என்று ஹாலுக்குக் கேட்கும்படி அறிவித்தாள். பெரியக்கா செட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

"இது உடையலையே சித்தி."

"உடைஞ்சுதுன்னு வெச்சுக்கயேன்." பல்லில்லாமல் சித்தியின் பேச்சு காற்றாக வந்தது. "பல்லு இருந்தா அவன் சிரிக்கச் சொல்லுவான். நான் உனக்காக ஒண்ணும் செய்யலடி, அதையும் தெரிஞ்சுக்கோ." போகிறபோது கதவை அவளே இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

அதன் பிறகு தினமும் பல் பழுதானது. ஒரு நாள் ஆடியது, ஒரு நாள் குத்தியது, ஒரு நாள் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று செய்தது. பெரியக்கா தினமும் திரவத்தின் மூடியை ஒரு தரம் திறந்து மூடி, வாடையைப் பரப்பிவிட்டு, பல்லைத் தண்ணீர் டம்ளரில் போட்டு, காலை நீட்டிக்கொண்டாள். அரை மணி கழித்து வெளியே வந்து பிள்ளைகளோடு சீட்டாடினாள். துணிக் கூடையிலிருந்து எழும்பியவனுக்கு எப்படி இன்னும் நீளமாக நாக்கைத் துருத்துவது என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

கெட்டது எங்கே என்றால், அவளுடைய தொழில் பெயர் கெட்டது. தினமும் ரிப்பேராகும் பல்லைப் பார்த்து வீட்டில் குசுகுசுத்தார்கள். பாவம், கைவேலைகூட விட்டுப்போச்சு என்று தங்கை கண்ணைத் துடைத்தாள். தங்கை வீட்டுக்காரர் முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்: ஒரே லிஃப்ட் தினம் நின்றால் வேறு மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் முறை. சித்தியை வேறு லேபுக்குக் கூட்டிப் போவதென்று தம்பி முடிவு செய்தான். அதற்குப் பல்லை வாங்க, கர்சீப்பை முகத்தில் கட்டிக்கொண்டு, ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் பின்னறைக் கதவைத் தட்டாமல் திறந்தான்.

வாடை கலைந்து போயிருந்தது. பெரியக்கா கண்ணை மூடிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டம்ளருக்குள் செட் முழுசாகக் கிடந்தது. தம்பி கர்சீப்பைக் கீழே இறக்கினான்.

"பல்லு நல்லாத்தானேக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நான் செஞ்சது எப்படிக் கெடும்?"

"அப்ப தினமும்..."

"தினமும் சும்மா உக்காந்திருந்தேன்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. அத்தனை பேரும் சேர்ந்து பார்த்துக்கொண்டதற்கு இதுவா என்று கேட்டான். தனியாக விட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ராத்திரி சரியாகத் தூங்கக்கூட இல்லை என்றான். போன வருடம் முதுகு வலி என்றாயே, நான் தைலம்கூட வாங்கி அனுப்பினேனே என்றான்.

"நான் அரை மணி நேரம்தான்டா கேட்டேன்," என்றாள் பெரியக்கா. "நீ எனக்கு வீட்டையே அனுப்பி வெச்ச."

ஹாலில் பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொள்ளும் சத்தம் வந்தது; தம்பி அந்தப் பக்கம் போகத் திரும்பினான்.

"இரு. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். அது வெளிய இருக்கணும், கொஞ்ச நேரம் நான் உள்ள இருக்கணும். அவ்ளோதான். இது இல்லைன்னா போன வருஷம் மாதிரி மறுபடி படுத்துடுவேன்."

அவன் மெதுவாக எதிரே இருந்த இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தான். உள்ளே என்னதான் செய்கிறாய் என்று கேட்டான். ஒன்றும் செய்யவில்லை என்றாள். ஒன்றும் செய்யாமல் எப்படி என்றான். தானும் கண்ணை மூடிப் பார்த்தான். சில மூச்சுகளுக்குள் அவன் கால் தானாக ஆட ஆரம்பித்தது. பிறகு விரல் தொடையில் தாளம் போட்டது. பிறகு ஒரு கண் திறந்தது. அவனால் ஆகவில்லை.

பெரியக்கா மறுபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து கதவருகே போய் நின்றான்.

"அடுத்த லீவுக்கும் நாங்க இங்க வரலாம்லக்கா?"

அவள் தலை நாற்காலியில் சாய்ந்திருந்தது. கைகள் மடியில் தளர்ந்து கிடந்தன, மூச்சு சீராக வந்தது. வழக்கமாக இந்தக் கேள்விக்கு, வேற எங்கடா போவீங்க என்று அவன் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். தம்பி கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு டம்ளரைத் தொடாமல், சத்தம் வராதபடி கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே போனான்.