கருவாட்டு வேனில் ஏறிய ஜப்பான் பேரரசர்

மாத்தளைப் பக்கத்துப் பழைய கற்கோயிலான நாலந்தா கெடிகேக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல. போன ஓகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஜப்பான் மொழி படித்து வழிகாட்டி உரிமம் எடுத்த என் தங்கை ரிஸ்னாவுக்கு அன்று முதல் வேலை. விருந்தாளிக்குப் பிடித்தால்தான் மீதி ஆறு நாளும் அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. காலை ஆறரைக்கு அவர்களுடைய வேன் பழுது.

"நானா, நம்ம கட வேனக் கொண்டு வாங்க. வேற வழியில்ல," என்று போனில் கெஞ்சினாள்.

மாத்தளையில் எங்களுக்குக் கருவாட்டுக் கடை. வேனைத் தேசிக்காய்ப் புளி விட்டு இரண்டு தரம் கழுவி, சாம்பிராணியும் பிடித்தேன். ஒரு துளி வாசம் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். பிறந்ததிலிருந்து கருவாட்டோடு இருக்கிறவனின் மூக்கை நம்பியது என் புத்திதான்.

7.40க்குப் புறப்பட்டோம். நாலந்தா இருபத்தைந்து கிலோமீற்றர். விருந்தாளி மொரிதா, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பலாபத்வெல வருவதற்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ கேட்டார். ரிஸ்னாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொன்னாள். மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு அவர் சொன்னதை அவள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினான்காம் நூற்றாண்டில் அவர்களுடைய பேரரசர் ஒருவரைத் தூரத் தீவுக்கு நாடு கடத்தினார்களாம். அவர் படகில் தப்பினார். துரத்தி வந்தவர்கள் படகில் ஏறித் தேடியபோது, கணவாய்க் கருவாட்டு மூட்டைகளுக்கு அடியில் படுத்திருந்தார் என்பது பழைய கதை.

"உண்மையாத்தான் இருக்கும்னு சொல்லு. நம்ம மூட்டைய எந்தப் பொலிஸ்காரன் எப்பவாவது அடி வரைக்கும் கிளறிப் பாத்திருக்கான்?" என்றேன். அதையும் மொழிபெயர்த்தாள்.

8.30க்கு கெடிகே. பிரதான வீதியிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீற்றர். கல் படியில் உட்கார்ந்து மொரிதா மீதியைச் சொன்னார். திரும்பி வந்து ஆண்ட பேரரசர் சில வருடங்களிலேயே தலைநகரை இழந்தார். தெற்கு மலைக்குப் போய் அங்கே அரசவை வைத்தார். ஏறக்குறைய அறுபது வருடம் நாட்டில் இரண்டு அரசவைகள்: தலைநகரில் வடக்கு, மலையில் தெற்கு. கடைசியில் வடக்குதான் நிலைத்தது. இன்றைய அரச குடும்பமும் அந்த வழிதான். ஆனாலும் முறையான பேரரசர்களின் வரிசையில் இன்று எண்ணப்படுவது தெற்கு. "தலைநகரம் இல்லாதவர் எப்படிப் பேரரசர் என்று மாணவர்கள் கேட்பார்கள். எனக்கு ஒருபோதும் நல்ல பதில் கிடைக்கவில்லை," என்றார்.

ரிஸ்னா எழுந்து கெடிகேயின் சுவரில் கை வைத்தாள். ஜப்பான் மொழியில் நிதானமாகப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நானா, நீர்த்தேக்கம் கட்டினப்ப இத கல்லு கல்லாக் கழட்டி இங்க கொண்டாந்து வச்சாங்கதானே? எடம் மாறினதால இது வேற கெடிகேயா ஆயிருச்சான்னு கேட்டேன்."

மொரிதா எழுந்து அவளுக்குக் குனிந்து வணங்கினார். பல வருடம் வகுப்பெடுத்த ஆசிரியர் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தலை குனிந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, கண்ணும் கலங்கியது. மறைப்பானேன்?

போகிறவர்களுக்கு: மாத்தளையிலிருந்து தம்புள்ளை பஸ் ஏறி, நாலந்தாவில் இறங்கி நடக்கலாம். ஒன்பதுக்கு முன் போங்கள், பிறகு கல் சுடும். தண்ணீர் கொண்டு போங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

பகல் பன்னிரண்டுக்கு மொரிதாவே நிறுவனத்துக்குப் போன் செய்தார். மீதி ஆறு நாளும் ரிஸ்னாதான் என்றார். நாளைக்கு நல்ல வேன் அனுப்புகிறோம் என்று அவர்கள் சொல்ல, வேண்டாம் என்றாராம். பேரரசருக்குப் போதுமானது தனக்கும் போதுமாம்.

அந்த ஆறு நாளும் கடையைப் பூட்டிவிட்டு நான்தான் ஓட்டினேன். வேனைக் கழுவவில்லை.