இருபது விழுக்காடு

கணவன் மிதுன் இறந்த இருபதாம் நாள் லோகப்பிரியா வேலைக்குத் திரும்பினாள். துடியலூரில் வீடு, சரவணம்பட்டியில் அலுவலகம். ஆலைகளில் ஓடும் குழாய்கள் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்குமா என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது ஒன்பது வருடமாக அவள் வேலை. குழாயின் சொந்த எடை, நீராவியின் அழுத்தம், சூடேறினால் நீளும் நீளம், காற்று, நிலநடுக்கம், பாதுகாப்பு வால்வு திறக்கும்போது விழும் உதை. எது எதோடு சேர்ந்து வரும் என்று முதலில் பட்டியல் போட வேண்டும். லோடு கேஸ் என்பார்கள்.

"அவசரமில்லீங்க, மெதுவாப் பாருங்க," என்றார் மேலாளர் திருமலைசாமி. எல்லோரும் அவளிடம் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். அவளுக்கு அது ஆறுதலாகவும் இல்லை, தொந்தரவாகவும் இல்லை.

மூன்றாம் நாள் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தாள். சத்தியமங்கலம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை, அதன் மின் நிலையத்துக்குப் போகும் நீராவிக் குழாய். மிதுன் ஐசியூவில் இருந்த வாரம், ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்து முடித்து அனுப்பியது. லோடு கேஸ் பட்டியலை ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வேலையிலிருந்து, வரம்புகளோடு அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். அந்த ஆலைக்கான விதிநூல், வால்வு திறந்திருக்கும் சற்று நேரத்துக்குக் குழாய் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்கலாம் என்கிறது. மின் நிலையத்துக்கு விதிநூலே வேறு. அது இருபது விழுக்காட்டுக்கு மேல் விடாது.

வரம்பை மாற்றி மறுபடி ஓட்டினாள். வால்வுக்குக் கீழே கிளை பிரியும் இடம் வரம்பை மீறிச் சிவப்பாக வந்தது.

வேறு யாரும் கவனித்திருக்கவில்லை. எழுந்துபோய்த் திருமலைசாமியிடம் சொன்னாள்.

"தப்பாப் பண்ணிப்போட்டேனுங்க சார். பாய்லர் எப்பப் பத்த வெக்கறாங்க?"

அவர் கோப்பைத் தன் திரையில் திறந்து பார்த்தார். "அடுத்த வாரமுங்க. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்த நேரத்துல உங்களை வேலை பாக்கவே உட்டிருக்கக் கூடாது."

அதைக் கேட்டும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. "ஒரு சப்போர்ட் கூட வெச்சா நின்னுக்குமுங்க," என்றாள். அதை வைத்தால் சூட்டில் குழாய் நீள இடமிருக்குமா என்று அன்றே எல்லாக் கேஸையும் மறுபடி போட்டுப் பார்த்தாள். இருந்தது.

ஆலைக்கு அவளே போனாள். குழாய் வேலையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி அங்கப்பன், "ஏனுங்க மேடம், இது முன்னாடியே தெரியாதுங்களா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிருக்கோணுமுங்க. நாந்தான் உட்டுப்போட்டேன்."

இரண்டு நாளில் வெல்டிங் முடிந்தது. பாய்லர் பற்றவைத்து வால்வைத் திறந்து பார்த்தபோது எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். லோகப்பிரியா பொத்த மறந்து குழாயையே பார்த்து நின்றாள். அது அதிர்ந்து அடங்கியது. அங்கப்பன் தலையசைத்தார்.

அதன்பின் இரண்டு நாள் அவள் காது அடைத்தே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் மாமியார் ராமாத்தாள் சமையலறையிலிருந்து கூப்பிட்டது கேட்டது. போனாள்.

"ரெண்டு நாளாக் கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்கலையே கண்ணு."

"காது அடச்சிருந்துச்சுங்க அத்தை."

"சொல்லக்கூடாதா? எங்கூடப் பேசப் பிடிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

"அதெல்லாம் இல்லீங்க," என்றாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முறத்திலிருந்து பாதி வெங்காயத்தைத் தன் பக்கம் தள்ளி உரிக்கத் தொடங்கினாள்.